ஜமுக்காளச் சுவர்

முதலில் செருப்பைக் கழற்றியவர் கலியபெருமாள் அண்ணன்தான்.

பாகூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும் சமுதாய நலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வெற்றுத் திடல் இருக்கிறது. அங்கே தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் கோலமாவால் ஒரு வீட்டை வரைந்திருந்தோம். சின்னதாக இல்லை, நிஜ வீட்டின் அளவுக்கே. சுவர் வரும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு. கதவு வரும் இடத்தில் கோடு போடாமல் இடைவெளி. ஜன்னல் வரும் இடத்தில் மட்டும், பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய நீலப் பொடி.

"எல்லாரும் வீட்டுக்குள்ள வாங்க," என்றார் ஜெசிந்தா டீச்சர்.

கலியபெருமாள் அண்ணன் சோரியாங்குப்பத்துக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வகுப்பிலேயே உயரமான ஆள். வாசல் இடைவெளிக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே ஓரமாக விட்டார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற எல்லோரும் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். வெட்டவெளியில், ஒரு மாவுக் கோட்டுக்கு வெளியே, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி செருப்புகள் சேர்ந்துவிட்டன. டீச்சர் தன் ஷூவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அது என் வீடு. மூலக்குளத்தில் நாங்கள் கட்டப்போகிற வீடு. நிஜமான மனையில் அடுத்த வாரம்தான் அஸ்திவாரம் தோண்டுவதாக இருந்தது. அதற்கு முன்னால் கோலமாவு வீட்டுக்குள் நான் கால் வைத்துவிட்டேன். வைத்த கொஞ்ச நேரத்திலேயே, ஊரே பார்க்க, என் வீட்டுக்காரரோடு சண்டையும் போட்டேன்.

பால் சொசைட்டிச் சுவரில் ஒரு நோட்டீஸ்

சண்டைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நான் எப்படி அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தொலைபேசி நிலையத்தில் என் கடைசி நாளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "ஓய்வு பெற்ற மறுநாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். தூங்கினேன் அம்மா. அடுத்த நாளும் தூங்கினேன். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் ஏம்பலம். இவர், அதாவது என் வீட்டுக்காரர் தணிகாசலம், நெல்லும் கரும்பும் வைத்திருக்கும் விவசாயி. நான் வேலைக்குப் போன காலத்தில் காலையில் நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவேன், இவர் கழனிக்குப் போவார். ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத குடும்பம் எங்களுடையது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் குறை தீர்ந்தது. காபியில் சர்க்கரை தூக்கல் என்பதில் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் போகும்.

அப்படி ஒரு காலையில் கோபித்துக்கொண்டு நானே பால் ஊற்றப் போனேன். பால் சொசைட்டிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கலை, வரலாறு, கட்டடக் கலை. பெரியவர்களுக்கான ஞாயிறு வகுப்பு. பதினெட்டு வயது நிரம்பிய யாரும் வரலாம். மேல் வரம்பு கிடையாது.

கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். எனக்கு எல்லா இடத்திலும் மேல் வரம்பு தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஒரு வரியை எழுதியவருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"வூடு கட்ட மேஸ்திரி கீறாரு. நீ கத்துக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார் இவர்.

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. சும்மா கத்துக்கப்போறேன்."

"சும்மாவா?"

இவருக்குப் புரியாத சொல் அது ஒன்றுதான். விதை போட்டால் முளைக்க வேண்டும், தண்ணீர் விட்டால் வளர வேண்டும். சும்மா ஒரு காரியம் செய்வார்களா என்ன? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டைத் துடைத்து வாசலில் நிறுத்தியவர் இவர்தான். என்னை இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

சித்திரை வெயில் ஏறியது. டீக்கடையில் ஃபேன் கிடையாது. கூடத்தில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி வகுப்பில் கடைசி வரிசை நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் இவர், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சரியாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"காத்துக்கு வந்தேன் டீச்சர். நீங்க பாட்டுக்கு நடத்துங்க," என்றார்.

ஐப்பசி மழையில் கூடமே குளிர்ந்து கிடந்தபோதும் காற்றுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்.

சொம்பை வரைந்த கதை

ஜெசிந்தா டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். வில்லியனூர்ப் பெண். கட்டடக் கலை படித்துவிட்டு, புதுச்சேரி டவுனில் பழைய வெள்ளைக்காரக் கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். ஏன் இங்கே வந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"டவுன்ல மஞ்சள் சுவத்தப் பார்க்கறதுக்கு எங்கிருந்தெல்லாமோ வர்றாங்கம்மா. நம்ம கொம்யூன்ல இருக்கறவங்க அவங்கவங்க ஊரையே பார்க்கறதில்ல. அதான்," என்றார்.

எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்தைப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரிலேயே கொம்யூன் என்றுதான் இன்னும் சொல்கிறோம்.

முதல் வகுப்பில் மேசைமேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து வரையச் சொன்னார். எல்லோரும் மும்முரமாக வரைந்தோம். அத்தனை பேரும் சொம்பின் வாயை முழு வட்டமாகப் போட்டிருந்தோம், நிலா மாதிரி. டீச்சர் ஒவ்வொரு தாளையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"உங்க இடத்துலேர்ந்து பார்த்தா வாய் இப்படியா தெரியுது?"

நிமிர்ந்து பார்த்தேன். தெரியவில்லை. சப்பையாக, நீட்டினாற்போலத்தான் தெரிந்தது. சொம்பின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வரைந்திருக்கிறேன். பார்க்கவே இல்லை.

"பரவாயில்ல. இனிமே தெரிஞ்சத வரையாதீங்க. எதிர்ல இருக்கறதப் பாருங்க," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் குடம், குண்டான், இவர் முகம் என்று எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தேன். "இன்னாடி, மொறைக்கிற?" என்றார் இவர்.

பாகூர்க் கோயிலுக்கும் அழைத்துப் போனார். கருவறையின் வெளிச்சுவருக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சிற்பங்கள். ஆடுகிறவர்கள், மத்தளம் கொட்டுகிறவர்கள், எல்லாம் கையளவுதான். எத்தனை பிரதோஷத்துக்கு அந்தச் சுவரைச் சுற்றி வந்திருப்பேன்! குனிந்ததே இல்லை. குனிந்து பார்ப்பதற்கு இவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து முழு வரிசையையும் பார்த்தார். அர்ச்சகர் என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்தார்.

இதே பாகூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பெரிய கல்விச்சாலை ஒன்று இருந்ததையும், அதற்கு ராஜா ஊர்களை மானியமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்வதையும் டீச்சர் விளக்கினார். கலியபெருமாள் அண்ணன் கையைத் தூக்கினார்.

"அப்போ நாம கொஞ்சம் லேட்டா அட்மிஷன் போட்டுட்டோம், இல்ல டீச்சர்?"

நான் அந்த வகுப்பில் சிரித்ததுபோல எந்த வகுப்பிலும் சிரித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சிரித்தால் வெளியே நிற்க வைப்பார்கள்.

ஜன்னல் இல்லாத அறை

இப்போது ஜன்னல் விஷயத்துக்கு வர வேண்டும்.

தொலைபேசி நிலையத்தில் நான் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இயந்திரங்களுக்குத் தூசி ஆகாது, வெப்பம் ஆகாது. அதனால் நாலு பக்கமும் சுவர், எந்நேரமும் ஏசி, எந்நேரமும் டியூப் லைட். யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வேலைதான் எங்கள் பிள்ளையைப் படிக்க வைத்தது. ஆனால் வெளியே மழை பெய்து ஓய்ந்திருப்பது சாயங்காலம் வாசலுக்கு வந்து ஈரத் தரையைப் பார்த்தால்தான் தெரியும். மனுஷர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் டீ குடிக்கிறார்களே, அந்த மாதிரி ஒரு மத்தியானத்துக்கு நான் ரொம்ப ஏங்கியிருக்கிறேன்.

ஏம்பலம் வீட்டுச் சமையலறையிலும் ஜன்னல் கிடையாது, புகைபோக்கி ஓட்டைதான். அது மைத்துனர் குடும்பத்தோடு சேர்ந்த வீடு. அவர் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி இடம் போதாமல் போனபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் கதிர் மூலக்குளத்தில் ஒரு மனை வாங்கினான். ஆஸ்பத்திரி பக்கம், கடை பக்கம், அப்பாவின் முழங்காலுக்கும் நல்லது என்றான்.

மூலக்குளம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வில்லியனூர் ரோட்டில் இருக்கிறது. போன வருஷம் பார்த்த காலி இடத்தில் இந்த வருஷம் மூன்று மாடி நிற்கும். எங்கள் மனைக்கு இரண்டு பக்கமும் ஏற்கெனவே வீடுகள், சுவரோடு சுவராக. வெளிச்சமும் காற்றும் வர வேண்டுமானால் முன்பக்கம் தெருவிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் பின்பக்கம் விட்டிருக்கிற கொஞ்ச இடத்திலிருந்து வர வேண்டும்.

கதிர் ஒரு இன்ஜினியரிடம் பிளான் போட்டு போனுக்கு அனுப்பினான். பழைய சரோஜாவாக இருந்தால் "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். டீச்சர் புண்ணியத்தில் இப்போது எனக்குப் பிளான் படிக்கத் தெரியும். சமையலறை வீட்டின் பின்பக்கம். அடுப்புக்கு நேராகச் சுவரில் ஜன்னல் குறி. போனில் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் பிறகு கதிர் கேட்ட எந்தக் கேள்விக்கும், டைல்ஸோ பெயின்டோ, எனக்கு எல்லாமே சம்மதமாக இருந்தது.

மாசி மாதம் டீச்சர், "யாராவது வீடு கட்டறீங்களா? ஒரு பிளானை நிஜ அளவுல தரையில வரைஞ்சு பார்க்கலாம்," என்றார். நான் வாய் திறப்பதற்கு முன்னால் கடைசி வரிசையிலிருந்து இவர் எழுந்தார்.

"எங்க வூட்டுது கீது டீச்சர். புதுசா பிரின்ட்டே போட்டு வெச்சிருக்கறேன்."

அந்தப் பெருமையைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். புதுசா என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

சோறு வேகிற நேரம்

பாகூர் ஏரிப்பக்கத்துக் காற்று மாவைக் கிளப்பிவிடும் என்று காலையிலேயே வேலையை ஆரம்பித்தோம். டேப் பிடித்து டீச்சர் அளவு சொல்லச் சொல்ல நாங்கள் மாவை இழுத்தோம். நான் முன்பக்கத்து ஹாலைப் போட்டேன். பின்பக்கத்தை மற்றவர்கள் போட்டார்கள்.

எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் டீச்சர் சொன்னார்: "காலைல எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் இந்த வீட்டுல எங்கெங்க போவீங்களோ, அப்படியே நடந்து காட்டுங்க. முதல்ல ஐயா."

இவர் படுக்கையறையிலிருந்து எழுந்தார். பாத்ரூமுக்குப் போனார். ஹாலுக்கு வந்து பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்தார். வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

"அவ்ளோதானா ஐயா?"

"சாயங்காலம் வந்துடுவேன் டீச்சர்."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரம் ஆனது. அடுத்தது நான். படுக்கையறையிலிருந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பு வரும் இடத்தில் நின்று, நிமிர்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தேன்.

வெள்ளைக் கோடு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வெறும் வெள்ளை. அதற்குப் பின்னால், நான் முன்பு பார்த்த பிளானில் இல்லாத ஒரு புதுக் கட்டம்.

"இன்னாங்க, இங்க ஜன்னல் இருந்திச்சே?"

"எங்க?"

"அடுப்புக்கு நேரா!"

"அங்க ஸ்டோர் ரூம் வருதில்ல. நெல்லு மூட்ட போட. இன்ஜினியர் கையில நான்தான் சொன்னேன். அவரு ஜன்னல எடுத்துட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"ஸ்டோர் ரூமுதானே, இதுல சொல்றதுக்கு இன்னா கீது?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது இவருக்குத் தெரியும்.

"இத்தினி வருசம் ஜன்னல் இல்லாத ரூம்புல உக்காந்தேன். அது சம்பளத்துக்கு. இனிமே சாவற வரைக்கும் அப்படியே நிக்கணுமா? லைட்டப் போட்டுக்கினு சுவத்தப் பாத்துக்கினு?"

"அப்ப நெல்ல எங்க வெக்கறது? தெருவுலயா?" இவர் குரலும் மாறிவிட்டது. "கழனிய தம்பிகிட்ட வுட்டுட்டு வரேன். வூட்ட வுட்டுட்டு வரேன். என் நெல்லு நாலு மூட்ட எங்கூட வரக்கூடாதா? கடையில அரிசி வாங்கித் திங்கச் சொல்றியா என்ன?"

இவர் சொன்னதும் நியாயம்தான். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிற சண்டைதான் முடியவே முடியாது.

கலியபெருமாள் அண்ணன் மெல்லத் தொண்டையைச் செருமினார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், அந்த முறையில் இவரை மாப்ள என்பார்.

"மாப்ள, புருஷன் பொஞ்சாதி பேசற எடத்துல நாங்க இன்னாத்துக்கு? கொஞ்ச நேரம் வெளிய நிக்கறோம்."

சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பக்கத்திலேயே கோட்டைத் தாண்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஹால் வழியாகச் சுற்றி, வாசல் இடைவெளியில் வெளியே போய்ச் செருப்பைத் தேடினார்.

"இருங்க," என்றார் டீச்சர். எங்கள் இரண்டு பேரில் யாருக்கும் அவர் பரிந்து பேசவில்லை. "ஐயா, நீங்க சமையல்கட்டுல கொஞ்சம் நின்னு பாருங்க."

இவர் வந்து நான் நின்ற இடத்தில் நின்றார். இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்தார்.

"நல்லாத்தானே கீது டீச்சர்? ஏரிக்கரை தெரியுது. காத்து ஜிலுஜிலுன்னு வருது. இதவிட இன்னா வோணும்?"

திடலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை. அவர் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள கல்யாணத்துக்கு விரிக்கற ஜமுக்காளம் இருக்குமே. எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார்கள். ஊர்க் கல்யாணம் எல்லாவற்றையும் பார்த்த ஜமுக்காளங்கள், கனமும் தூசியும் நிறைய. இரண்டிரண்டு பேராக வெள்ளைக் கோட்டின் மேல் நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். மூன்று பக்கம் சுவர் எழும்பியது. நான்காவது பக்கம் சமையலறை வாசல், அங்கே நான். டீச்சர் சொன்னபடி, உயரமான ஆண்கள் இன்னொன்றை மேலே கூரையாக விரித்துப் பிடித்தார்கள். கலியபெருமாள் அண்ணன் ஒரு மூலைத்தூணாக நின்றார். நானும் வாசலில், ஜமுக்காளங்களோடு வந்த ஒரு துப்பட்டியை இழுத்துவிட்டேன்.

உள்ளே இவர் மட்டும்.

"சோறு வேகற நேரம் நின்னா போதும் ஐயா," என்றார் டீச்சர்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது எவ்ளோ நேரம்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு விதைத்த நெல் எத்தனை நாளில் முளைக்கும், எப்போது பால் பிடிக்கும், எப்போது கதிர் சாயும் என்று எல்லாம் தெரியும். அரிசியானதற்கு அப்புறம் நடப்பது மட்டும் தெரியாது.

"நில்லுங்க. நான் சொல்றேன்," என்றேன்.

மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தும்மல். இன்னொரு தும்மல். கால் மாற்றி நிற்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. "கை வலிக்குது மாப்ள, சீக்கிரம் ஆக்கு," என்றார் கலியபெருமாள் அண்ணன்.

"சரோ."

"இன்னா?"

"அந்த எக்ஸ்சேஞ்ச் ரூமும் இப்படித்தான் இருக்குமா?"

என்னைக் கூட்டிப்போக எத்தனையோ சாயங்காலம் இவர் அந்த கேட்டில் வந்து காத்திருக்கிறார். உள்ளே வெளியாட்களை விட மாட்டார்கள். நானும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

"இதவிடப் பெருசு. ஏசி உண்டு," என்றேன்.

"ஜன்னல்?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து ஏரிப்பக்கத்து ஜமுக்காளம் அசைந்தது. உள்ளேயிருந்து இவர் கை அதன் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே இறக்கியது. பிடித்திருந்த இரண்டு பெண்களும் மெல்லத் தாழ்த்தினார்கள். இவர் முகம் தெரிந்தது. மீசையெல்லாம் பஞ்சு.

"டீச்சர், அந்த நீலப் பொடி மிச்சம் கீதா?"

பொடித் தட்டை வாங்கிக்கொண்டு முழங்காலைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஜன்மத்தில் கோலம் போடாத கை. நீலக் கோடு வரப்பு மாதிரி கனமாக, கோணலாக விழுந்தது. அடுப்புக்கு எதிரே இருந்த வெள்ளைக் கோட்டின்மேல் போட்டுக்கொண்டே போனார். சுவர் முக்கால்வாசி நீலமாகிவிட்டது.

"இவ்ளோ பெரிய ஜன்னலா ஐயா?"

"இன்ஜினியர் கையில கொஞ்சம் கொறச்சிக்கச் சொல்லிக்கலாம் டீச்சர்."

"நெல்லு?" என்றேன் நான்.

பொடிக்கையை உதறிக்கொண்டு சொன்னார்: "மாடிப்படிக்குக் கீழ எடம் கீது. ரெண்டு மூட்ட போதும். ரெண்டு பேருதானே திங்கப்போறோம்."

நீலம்

அன்றைக்குச் சாயங்காலமே கதிருக்குப் போன் செய்தார். "ஸ்டோர் ரூம் வாணாம்டா. ஜன்னல் போடச் சொல்லு," என்றார். ஏன் என்று அவன் கேட்டிருப்பான் போலிருக்கிறது. "நின்னு பாத்தேன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீடு எழும்பியது. புதுமனை புகுவிழா அன்று அதிகாலையில் பால் காய்ச்சச் சமையலறைக்குள் போனேன். முந்தின நாள்தான் பெயின்டர் வேலையை முடித்திருந்தார். கதிர் சொன்னபடி எல்லா ஜன்னலுக்கும் காப்பிக்கொட்டை நிறம். அடுப்புக்கு எதிரே இருந்த ஜன்னல் மட்டும் நீலம். பொங்கல் கலர் பொடியின் அதே பளிச்சென்ற நீலம்.

"தப்பா அடிச்சிட்டாங்களாப்பா?" என்றான் கதிர்.

இவர் மாவிலைத் தோரணத்தைச் சரிசெய்வதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பால் பொங்கியது. எனக்குக் கண்ணும் சேர்ந்து பொங்கியது. புகை என்று சொல்ல முடியவில்லை, கேஸ் அடுப்பு.

வகுப்பிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். இந்த முறை நிஜ வாசலில் செருப்பு குவிந்தது. கலியபெருமாள் அண்ணன் பரிசாக ஒரு புது ஜமுக்காளம் கொண்டுவந்து, "எப்பயாச்சும் சுவரு தேவப்பட்டா கூப்புடு தங்கச்சி," என்றார்.

டீச்சருக்கு என்ன கொடுத்து நன்றி சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. வரைய வருகிறதா என்றால் சுமாராகத்தான். ராஜாக்கள் பெயர் வரிசையாகச் சொல்ல வருகிறதா என்றால் வராது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கை கடுக்கக் கடுக்க, அத்தனை பேர் எனக்காகச் சுவராக நின்றார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன். அதை எழுதிவைக்கத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

இந்த ஜன்னலில் அப்படி என்ன தெரிகிறது என்று கேட்பீர்கள். ஏரிக்கரையெல்லாம் இல்லை. பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஒரு துணிக்கொடி, அதற்கு மேலே ஒரு துண்டு வானம். மழை வந்தால் முதல் துளியிலேயே எனக்குத் தெரிகிறது.

ஒரே தொல்லை, இவர்தான். ஹாலில் வெளிச்சம் போதவில்லையாம். ஒரு முக்காலியைத் தூக்கிவந்து ஜன்னலடியில் போட்டுக்கொண்டு இங்கேதான் பேப்பர் படிக்கிறார். காய் நறுக்கத் திரும்பினால் இவர் முழங்கால், பாத்திரம் எடுக்கக் குனிந்தால் இவர் பேப்பர். நான் சண்டை போட்டு வாங்கிய ஜன்னலில் இவர் குடியேறிவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நெல்லில் அரைத்த அரிசி அடுப்பில் கொதிக்கிறது. நான் இந்தப் பத்தியில் மூழ்கி அதை மறந்தேபோனேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"சரோ, வெந்திடுச்சு. வடிச்சிடு."

எழுந்து போய் மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். சரியான பதத்தில் இருந்தது.